பட்டன் டயரும் தார் ரோடும்

எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில், கார்களுக்கு நடுவே சைக்கிள்களுக்கென்று ஒரு மூலை ஒதுக்கியிருக்கிறார்கள். போன வாரம் பால் வாங்கப் போனபோது சும்மா எண்ணிப் பார்த்தேன். மொத்தம் 23 சைக்கிள். அதில் 17 மவுண்டன் பைக். தடித்த டயர், அதில் பட்டன் பட்டனாகக் கட்டி, முன்னால் ஷாக் அப்சார்பர், நேரான ஹேண்டில்பார். மலை ஏறத் தயாராக நிற்கும் இந்த 17-ல் ஒன்றுகூட இதுவரை மலையைப் பார்த்ததில்லை. டியூஷனுக்கும் பேக்கரிக்கும் நீச்சல் வகுப்புக்கும் போய் வருகின்றன. அதில் ஒன்று என் மகளுடையது.

புனே ஒரு காலத்தில் சைக்கிள் நகரம் என்று பெயர் வாங்கிய ஊர். இப்போது மோட்டார் சைக்கிள் நகரம்தான். இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் ஹெல்மெட்டும் வழவழ டிரெஸ்ஸுமாக ஒரு கோஷ்டி சிங்ககட் பக்கம் கிளம்பிவிடும். மகளுக்கு அவர்களோடு போக ஆசை. 14 வயது. அலாரம் வைத்து எழுந்து, தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு போனவள் அரை மணியில் திரும்பி வந்துவிட்டாள். அவள் சைக்கிளைப் பார்த்து, "இது எம்டிபி, ரோட்டுக்கு ஆகாது. நாங்க உனக்காகக் காத்திருக்க முடியாது. ரோடு பைக் வாங்கிட்டு வா" என்று சொல்லியிருக்கிறார்கள். மோசமாக ஒன்றும் பேசவில்லை, சிரித்துக்கொண்டே சொன்னார்களாம். அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

"அப்பா, நாம தப்பான சைக்கிள் வாங்கிட்டோமா?"

வாங்கியது நான்தான். கடைக்காரர் எல்லாக் குழந்தைகளும் இதைத்தான் எடுக்கிறார்கள் என்றார், எடுத்துவிட்டேன். அன்று மாலை அவளுக்குச் சொன்ன கதையைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். நம்மில் பலர் வீட்டில் இதே சைக்கிள் நிற்கும் என்ற தைரியம்தான்.

கதை கலிஃபோர்னியாவில் நடக்கிறது. சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டி வடக்கே போனால் மரின் கவுண்டி. அங்கே டமல்பையஸ் என்றொரு மலை, சுமார் 780 மீட்டர் உயரம். உள்ளூர்க்காரர்கள் செல்லமாக 'டாம்' என்பார்கள். (பெயரில் தமிழ் ஒலிக்கிறதே என்று யாரும் ஆராய்ச்சிக்குக் கிளம்பிவிட வேண்டாம். அது கோஸ்ட் மீவோக் என்ற பூர்வகுடிகளின் சொல். சோழர்கள் அதுவரை போகவில்லை :-) )

1970களின் தொடக்கத்தில் அந்த வட்டாரத்தில் கேரி ஃபிஷர், சார்லி கெல்லி, ஜோ பிரீஸ் என்று மூன்று இளைஞர்கள். மூவருமே தார் ரோட்டுக்காரர்கள். மெல்லிய டயர், வளைந்த ஹேண்டில்பார் வைத்த பந்தய சைக்கிளில் மணிக்கணக்காக ஓட்டுகிறவர்கள். 1972-ல் தொடங்கிய வெலோ கிளப் டமல்பையஸ் என்ற சாலைப் பந்தயச் சங்கத்தின் ஆட்கள். இதில் ஃபிஷரின் கதை தனி. 12 வயதிலேயே பந்தயத்துக்கு வந்தவர். 1968-ல் பந்தய நிர்வாகிகள் அவரை விலக்கி வைத்தார்கள். ஊக்க மருந்தெல்லாம் இல்லை. தலைமுடி நீளமாக இருக்கிறது என்பதுதான் குற்றம்! விதிப்புத்தகத்தில் அப்படி ஒரு விதி இருந்திருக்கிறது. அது ஒழிந்து அவர் திரும்பப் பந்தயத்துக்கு வர 1972 ஆகிவிட்டது.

கதையின் இந்த இடத்தில் மகளின் முகம் கொஞ்சம் தெளிந்தது. சைக்கிள் கூட்டம் ஒருவரைப் பார்த்து 'நீ எங்க ஆள் இல்லை' என்று சொல்வது புனேயில் புதிதாகத் தொடங்கியது அல்ல.

பந்தய சைக்கிள் விலை அதிகம். கடைக்குப் போய் முட்டை வாங்கவும், நண்பன் வீட்டு வாசலில் நிறுத்தவும் அதை எடுத்துப் போக மனம் வராது. அதனால் இவர்கள் ஊருக்குள் சுற்ற ஆளுக்கொரு பழைய சைக்கிள் வைத்துக்கொண்டார்கள். 1930, 40களில் ஷ்வின் கம்பெனி தயாரித்தவை. 1933-ல்தான் ஷ்வின் பருத்த பலூன் டயரை அமெரிக்கச் சைக்கிள்களுக்குக் கொண்டுவந்தது. எதற்கு? குழந்தைகள் நடைபாதை விளிம்பில் ஏற்றி இறக்கி முட்டி மோதினாலும் தாங்க வேண்டும் என்று. வீடு வீடாகப் பேப்பர் போடும் பையன்களின் சைக்கிள் அது. முழுக்க முழுக்கத் தெருவுக்காகப் பிறந்தது. 70களில் பழைய சாமான் கடையில் அது சல்லிசாகக் கிடைத்தது. ஜோ பிரீஸ் 1941-ம் வருடத்து சைக்கிள் ஒன்றை வெறும் 5 டாலருக்கு வாங்கினார்.

அந்த ஓட்டை சைக்கிளை மலையில் விட்டால் என்ன என்று யாருக்கோ தோன்றியது. காட்டுத் தீ அணைக்கும் வண்டிகள் போக மண்பாதைகள் மலையெங்கும் போட்டிருந்தார்கள். அதில் தள்ளிக்கொண்டு ஏறுவார்கள், ஏறி உட்கார்ந்து இறங்குவார்கள். வண்டியின் எடை 20 கிலோவுக்கும் மேல். கியர் கிடையாது. பிரேக் என்பது பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பின்சக்கர ஹப்புக்குள்ளேயே பிடிக்கும் வகை.

ஃபேர்ஃபாக்ஸ் என்ற சிற்றூருக்கு மேற்கே அப்படி ஓர் இறக்கம் உண்டு. சுமார் மூன்று கிலோமீட்டர் நீளத்தில் 400 மீட்டர் இறங்கும். கீழே வந்து சேர்வதற்குள் ஹப் சூடேறி உள்ளே இருக்கும் கிரீஸ் புகையாகப் போய்விடும். வீட்டுக்குப் போய் ஹப்பைப் பிரித்துப் புதிதாக கிரீஸ் அடைக்க வேண்டும். நம் ஊர் சைக்கிள் கடையில் 'ஓவராயில்' பண்ணுவது என்போமே, அதில் ஒரு பகுதி. கிரீஸைத் திரும்ப அடைக்க வேண்டியிருந்ததால் அந்தப் பாதைக்கே 'ரீபேக்' என்று பெயர் வந்துவிட்டது. 1976 அக்டோபர் 21 அன்று அங்கே முதல் பந்தயம் நடத்தினார்கள். ஒருவர் பின் ஒருவராக இறங்க வேண்டும், கடிகாரத்தில் நேரம் குறிப்பார்கள். அன்று ஆலன் பாண்ட்ஸ் என்பவர் ஜெயித்தார். ஓட்டியவர்களில் கீழே விழாதவர் அவர் ஒருவர்தானாம். பிறகு நடந்த பந்தயங்களில் ஃபிஷர் 4 நிமிடம் 22 வினாடியில் இறங்கியதுதான் சாதனை நேரம்.

இதே காலத்தில் குபர்ட்டினோவில் இருந்தும் ஒரு கோஷ்டி (கம்ப்யூட்டர்காரர்களுக்குத் தெரிந்த ஊர்தான்) பலூன் டயர் சைக்கிளில் கியர் மாட்டி ஓட்டிக்கொண்டிருந்தது. 1974 டிசம்பரில் மரினில் நடந்த சைக்ளோகிராஸ் போட்டிக்கு அவர்கள் வந்தபோது இவர்கள் அந்த வண்டிகளைப் பார்த்தார்கள். வந்தவர்கள் அதன் பிறகு பெரிதாகத் தலைகாட்டவில்லை. பெயர் மரின்காரர்களுக்குப் போனது. சரித்திரத்தில் இப்படித்தான் நடக்கிறது, இட்லியை யார் முதலில் அவித்தது என்று இன்றும் சண்டை போடுகிறோம்.

ஃபிஷர் தன் பழைய ஷ்வினில் கியர், டிரம் பிரேக், மோட்டார் சைக்கிள் லீவர் எல்லாம் மாட்டினார். இப்போது தள்ளாமல் மேலே ஏறவும் முடிந்தது. ஆனால் 40 வருடப் பழைய ஃபிரேம் எத்தனை நாள் தாங்கும்? அடிக்கடி முறிந்தது. பிரீஸுக்கு சாலைப் பந்தய ஃபிரேம் கட்டத் தெரியும். கெல்லி கேட்டுக்கொண்டதன் பேரில் 1977-ல் குரோம்-மாலி உருக்குக் குழாய்களில், மலைக்கென்றே ஒரு ஃபிரேமை வடிவமைத்துக் கட்டினார். அதுதான் பிரீஸர். முதலில் கட்டியது இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1979-ல் ஃபிஷரும் கெல்லியும் 'மவுண்டன்பைக்ஸ்' என்ற பெயரிலேயே கம்பெனி தொடங்கினார்கள். ஃபிரேம் கட்டிக் கொடுத்தவர் டாம் ரிச்சி, அவரும் சாலைப் பந்தய வீரர்தான். பெயரைத் தங்களுக்கென்று பதிவு செய்துகொள்ள முடியாமல் போனது. அது ஊர்ப் பொதுச்சொல் ஆகிவிட்டது.

ஆக மவுண்டன் பைக் என்பது என்ன? பேப்பர் போடும் பையனின் தெரு சைக்கிள், தார் ரோட்டுப் பந்தயக்காரர்கள் கையில் மாட்டி, மலையில் போய் விழுந்து எழுந்த விளைவு. இந்தப் பிறப்புச் சான்றிதழில் 'ரோட்டுக்கு ஆகாது' என்று எங்கே எழுதியிருக்கிறது?

1981-ல் ஸ்பெஷலைஸ்டு கம்பெனி ஜப்பானில் தயாரித்து இறக்கிய ஸ்டம்ப்ஜம்பர்தான் இதைப் பெரும் வணிகமாக்கியது. பத்து வருடத்துக்குள் அமெரிக்கக் கடைகளில் சாலை சைக்கிளை மவுண்டன் பைக் பின்னுக்குத் தள்ளிவிட்டது. அத்தனை பேரும் மலைக்கா போனார்கள்? இல்லை. நிமிர்ந்து உட்காரலாம், குழியில் இறங்கினால் இடுப்பு போகாது, மேட்டில் சின்ன கியர் போட்டு ஏறிவிடலாம். அதனால் வாங்கினார்கள், வாங்கித் தெருவில் ஓட்டினார்கள். எங்கள் கீழ்த்தளத்துச் சைக்கிள்களும் அந்த வம்சம்தான். இன்னொன்றும் நடந்தது. மலைப்பாதைகளில் நடப்பவர்களும் குதிரையில் போகிறவர்களும் எதிர்த்ததால் பல பாதைகள் சைக்கிளுக்கு மூடப்பட்டன. மரினிலேயே ரேஞ்சர்கள் ரேடார் துப்பாக்கியோடு நின்று, மணிக்கு 15 மைலைத் தாண்டுகிறவர்களைப் பிடித்தார்கள். திறந்திருக்கும் பாதைக்குப் போய்ச்சேரவே தார் ரோட்டில் வெகுதூரம் மிதிக்க வேண்டிய நிலை.

மலைக்காரர்களுக்கும் ரோட்டுக்காரர்களுக்கும் நடுவே பெரிய சுவர் இருப்பதுபோல விளம்பரங்களும் பத்திரிகைகளும் காட்டத் தொடங்கியது இந்தக் காலத்தில்தான் என்பது என் எண்ணம். இரண்டு கூட்டம் என்றால் இரண்டு சைக்கிள், இரண்டு ஷூ, இரண்டு விதமான சட்டை விற்கலாமே. ஓட்டுகிறவர்கள் அந்தச் சுவரை அவ்வளவாக மதிக்கவில்லை.

கொலராடோ மாநிலத்தில் டுராங்கோ என்ற மலையூர். 1990-ல் முதல் அதிகாரபூர்வ மவுண்டன் பைக் உலகப் போட்டி அங்கேதான் நடந்தது. ஆனால் அந்த ஊருக்கு சைக்கிள் பைத்தியம் பிடித்தது ஒரு தார் ரோட்டுப் பந்தயத்தால். டுராங்கோவிலிருந்து சில்வர்டனுக்கு நம் ஊட்டி ரயில் மாதிரி நீராவி இஞ்சின் இழுக்கும் குறுகிய பாதை ரயில் ஒன்று உண்டு. அதில் பிரேக்மேன் வேலை பார்த்தவர் ஜிம் மேயர். அவர் தம்பி டாம் மேயர், 'உன் ரயிலுக்கு முன்னால் நான் சைக்கிளில் சில்வர்டன் போய்ச் சேர்கிறேன் பார்' என்று அண்ணனோடு பந்தயம் கட்டினார். சுமார் 75 கிலோமீட்டர், நடுவில் 3,200 மீட்டருக்கு மேல் இரண்டு கணவாய்கள். ஜெயித்தும் விட்டார். 1972 முதல் அது 'அயர்ன் ஹார்ஸ்' என்ற பெயரில் ஊர்ப் பந்தயமானது. அண்ணன் தம்பி வீம்பு இல்லாமல் இருந்தால் சரித்திரத்தில் பாதி நடந்திருக்காது. 1990 உலகப் போட்டியில் ஆண்கள் கிராஸ்கன்ட்ரி தங்கத்தை வென்ற நெட் ஓவரெண்ட் அந்த ஊர்க்காரர். அப்போது அவருக்கு வயது 35. ரயிலோடு ஓடும் அந்தத் தார் ரோட்டுப் பந்தயத்தையும் பலமுறை ஜெயித்தவர். பெண்களில் வென்ற ஜூலி ஃபுர்டாடோ அதற்கு முந்தைய வருடம் அமெரிக்காவின் சாலை சாம்பியன்.

அதே 1990 போட்டியில் எல்லோரும் விநோதமாகப் பார்த்தது ஜான் டோமாக்கின் வண்டியை. மவுண்டன் பைக்கில் பந்தய சைக்கிளின் வளைந்த ஹேண்டில்பாரை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். அந்த வருடம் அவர் 7-லெவன் சாலை அணியிலும் இருந்தார். இரண்டு வண்டியிலும் உட்காரும் வாகு ஒன்றாக இருக்கட்டும் என்று இந்த ஏற்பாடு. பார்த்தவர்கள் சிரித்திருக்கலாம். அடுத்த வருடம் இத்தாலியில் கிராஸ்கன்ட்ரி உலக சாம்பியன் அவர்தான் (அப்போது நேர் ஹேண்டில்பாருக்குத் திரும்பியிருந்தார்).

மலை இவர்களுக்கு என்ன கற்றுக்கொடுத்தது என்று மகள் கேட்டாள். அதற்கு கெடல் எவன்ஸின் கதைதான் நல்ல பதில். ஆஸ்திரேலியர். 1998, 1999 இரண்டு வருடமும் மவுண்டன் பைக் உலகக் கோப்பையை வென்றவர். பிறகு தார் ரோட்டுக்கு மாறினார். டூர் டி ஃபிரான்ஸில் 2007-ல் 23 வினாடியில் முதலிடத்தைத் தவறவிட்டார், 2008-ல் 58 வினாடியில். மூன்று வாரம் ஓட்டி 23 வினாடியில் தோற்பது என்றால் எப்படி இருக்கும்! 2011-ல் மறுபடி வந்தார். 16-வது நாள், காப் என்ற ஊருக்குள் இறங்கும் மலைச்சாலை, நனைந்து கிடக்கிறது. எவன்ஸ் அந்த இறக்கத்தில் தைரியமாக விட்டார். மலையேற்றத்தில் அவரைவிடக் கெட்டிக்காரரான ஆண்டி ஷ்லெக் பயந்து பிரேக் பிடித்து, ஒரு நிமிடத்துக்கு மேல் பின்தங்கினார். இப்படிப்பட்ட இறக்கத்தைப் பந்தயத்தில் வைக்கலாமா என்று பிறகு வருத்தப்பட்டுப் பேசினார். பாரிஸில் முடிந்தபோது எவன்ஸ் முதலிடம், ஷ்லெக் 1 நிமிடம் 34 வினாடி பின்னால். அந்த வெற்றிக்கு கிரெனோபிளில் தனியாக ஓட்டிய கடைசி நேரப் பந்தயம்தான் முக்கியக் காரணம் என்பார்கள், சரிதான். ஆனாலும் ஈரத்தில் டயர் வழுக்கும்போது பதறாமல் இருக்கும் அந்தக் கை, சேற்றிலும் சரளையிலும் பழகிய கை.

மலையிலிருந்து வந்த எல்லோரும் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. ஃபிளாய்ட் லேண்டிஸும் மைக்கேல் ராஸ்முசனும்கூட மவுண்டன் பைக்கில் தொடங்கியவர்கள்தான். ஊக்க மருந்து விவகாரத்தில் ஒருவர் 2006 டூர் பட்டத்தை இழந்தார். இன்னொருவரை 2007-ல் மஞ்சள் சட்டையோடு இருக்கும்போதே சொந்த அணியே வீட்டுக்கு அனுப்பியது. ரோடு சுத்தம், மலை அழுக்கு என்றோ, அல்லது தலைகீழாகவோ பிரிக்க வழியில்லை.

மகளுக்கு ரொம்பப் பிடித்தது பீட்டர் சகான் கதை. ஸ்லோவாக்கியப் பையன். ஒருமுறை தன் சைக்கிளை விற்றுவிட்டு, புது வண்டி வந்து சேராததால் அக்காவின் சைக்கிளில் மவுண்டன் பைக் பந்தயத்துக்குப் போனார். சூப்பர் மார்க்கெட்டில் வாங்கியது, பிரேக் சரியில்லை, கியரும் கொஞ்சம்தான். ஜெயித்துவிட்டு வந்தார். 2008-ல் இளையோர் மவுண்டன் பைக் உலக சாம்பியன். பிறகு 2015, 2016, 2017 மூன்று வருடமும் தார் ரோட்டில் உலக சாம்பியன். இடையில் 2016 ரியோ ஒலிம்பிக்கில் சாலைப் பந்தயத்தை விட்டுவிட்டு மவுண்டன் பைக்கில் இறங்கினார். பின்வரிசையில் கிளம்பி முதல் சுற்றிலேயே முன்னணிக்கு வந்து, அப்புறம் பஞ்சராகி 35-வது இடம். பஞ்சருக்கு உலக சாம்பியன் என்ற மரியாதை தெரியாது.

ஆனால் இந்த வரிசையில் நான் முதலில் வைப்பது ஒரு பெண்ணை. பிரான்சின் பாலின் ஃபெராந்-பிரேவோ. 2014 செப்டம்பரில் சாலையில் உலக சாம்பியன். 2015 தொடக்கத்தில் சைக்ளோகிராஸில் உலக சாம்பியன். அந்த செப்டம்பரில் மவுண்டன் பைக்கில் உலக சாம்பியன். மூன்று பட்டமும் ஒரே நேரத்தில் ஒருவர் கையில் இருந்தது அதுதான் முதல் தடவை. அப்போது அவருக்கு 23 வயது. அதன் பிறகு சரிவு. ரியோவில் பந்தயத்தை முடிக்கவில்லை. காலுக்குப் போகும் ரத்தக்குழாயில் கோளாறு, அறுவை சிகிச்சை. சாலைப் பந்தயத்தை விட்டு மலையோடு நின்றுகொண்டார். ஒலிம்பிக் தங்கம் மட்டும் கிடைக்கவில்லை, 2024-ல் சொந்த நாட்டில் நடந்த பாரிஸ் ஒலிம்பிக்கில் அதுவும் கிடைத்தது. இனி என்ன, ஓய்வுதான் என்று நினைக்கும் வயதில் தார் ரோட்டுக்குத் திரும்பி, 2025 ஏப்ரலில் கல் பதித்த பாரிஸ்-ரூபே பந்தயத்தையும் ஆகஸ்டில் பெண்களுக்கான டூர் டி ஃபிரான்ஸையும் வென்றார். 33 வயது.

சரி, சைக்கிள் விஷயத்துக்கு வருவோம். அந்த கோஷ்டி சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, அதையும் மகளிடம் மறைக்கவில்லை. பட்டன் டயர் மண்ணைக் கவ்வுவதற்காக. தாரில் கவ்வ ஒன்றும் இல்லாததால் ஒவ்வொரு பட்டனும் மடங்கி நிமிர்கிறது. நம் காலின் உழைப்பு அதிலேயே போகிறது, 'உர்ர்' என்ற சத்தம் அதுதான். காற்றையும் குறைவாகத்தான் அடிக்கிறோம். நின்று மிதித்தால் முன் ஷாக் அப்சார்பர் அமுங்கிப் பாதி பலத்தைத் தின்றுவிடும். இதற்கு வைத்தியம் புது சைக்கிள் அல்ல. அதே 26 அங்குல ரிம்மில் ஒன்றரை அங்குல அகலத்தில் பட்டன் இல்லாத டயர் கிடைக்கிறது. (மொட்டை டயர் என்று கேட்டால் கடைக்காரர் தேய்ந்த டயரை எடுத்து நீட்டுவார், ஜாக்கிரதை.) அதை மாட்டி, டயர் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அளவுக்குள் காற்றைக் கெட்டியாக அடித்து, ஷாக் அப்சார்பரைப் பூட்டும் திருகு இருந்தால் பூட்டிவிட்டால் வண்டியே வேறாகிவிடுகிறது. முதல் மவுண்டன் பைக்கைக் கட்டிய ஜோ பிரீஸே பிற்காலத்தில் விளக்கு, மட்கார்டு, கேரியர் வைத்த நகர சைக்கிள்கள் செய்யத் திரும்பினார். வேலைக்கும் கடைக்கும் போக.

நாங்கள் வளர்ந்த ஊரில் இந்தப் பிரச்சினையே கிடையாது. மணிக்கு இவ்வளவு என்று எடுத்த வாடகை சைக்கிள்தான் வரப்பிலும் போனது, ஆற்று மணலிலும் இறங்கியது, பஸ் ரோட்டில் லாரியையும் முந்தியது.

டயர் மாற்றிய அடுத்த ஞாயிறு அவளும் நானும் சிங்ககட் அடிவாரம் போனோம். எனக்குப் பக்கத்து வீட்டுச் சைக்கிள் இரவல். கடக்வாஸ்லா அணை வரை என்னோடு பேசிக்கொண்டே வந்தவள் அதற்கப்புறம் கண்ணில் படவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது பிட்லா-பாக்ரி சாப்பிட்டு முடித்து எனக்கு மோர் வாங்கி வைத்திருந்தாள். அந்த கோஷ்டியும் அங்கே இருந்தது. அதில் ஒருவர் வந்து அவள் டயரை விரலால் அழுத்திப் பார்த்து, எங்கே வாங்கினீர்கள் என்று என்னிடம் கேட்டார். கடை பெயரை அவளே சொன்னாள்.

பழைய பட்டன் டயர் இரண்டும் இப்போது பால்கனிக் கம்பியில் தொங்குகின்றன. தூக்கிப்போடக் கூடாதாம். மழை நின்றதும் மாட்ட வேண்டுமாம், ஏதோ மண்பாதை பார்த்து வைத்திருக்கிறாளாம். துணி காயப்போட இடமில்லை என்று தங்கமணி தினமும் என்னைத்தான் திட்டுகிறார்.